அரைநாள் லீவுக்குக் காரணம்

அந்த அக்காவைப் பார்த்து, மரியாதைக்காக, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார்.

நாங்கள் எல்லாம் "நல்லா இருக்கேன்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். அக்கா நிற்பார். கொஞ்சம் யோசிப்பார். "இந்த வாரம் பரவாயில்ல தம்பி. செவ்வாய்க்கிழமை மட்டும் படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே முடியல. உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான். நாளைக்கு கீழ்ப்பாக்கம் போறேன், டாக்டர்கிட்ட சொல்லணும்" என்பார். குரலைத் தாழ்த்த மாட்டார். பக்கத்தில் கீரைக்காரி நின்றாலும் சரி, பால்காரர் நின்றாலும் சரி. கேட்டவர்தான் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நழுவ வேண்டியிருக்கும்.

நான் சொல்வது அறுபதுகளின் கடைசி வருஷங்கள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். நாற்பதைத் தாண்டியவர், தபால் ஆபீஸில் ஸ்டாம்பு விற்கும் கவுண்டரில் குமாஸ்தா. தனியாக இருந்தார். ஏன் தனியாக என்பதற்குத் தெருவில் பல கதைகள் இருந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் ஆட்சேபித்திருக்க மாட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் கீழ்ப்பாக்கம் என்பது ஊர்ப் பெயர் அல்ல, வசவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சண்டையில் அதைத்தான் வீசிக்கொள்வார்கள். ஆபீஸில் ஒருவர் இரண்டு நாள் மௌனமாக இருந்தால் "கீழ்ப்பாக்கத்துல ஒரு பெட் சொல்லிரலாமா?" என்று கேலி செய்வோம். அங்கே இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு நிஜமாகவே போகிறவர்கள் பெரியம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து பெரியம்மா சௌக்கியம் என்பார்கள். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

அக்கா மட்டும் லீவு லெட்டரிலேயே எழுதினார். போஸ்ட்மாஸ்டர் நல்ல மனுஷன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் சொல்லி மாய்ந்துபோனார். அரைநாள் லீவுக்குக் காரணம் என்ற இடத்தில் "மனநோய் மருத்துவரைப் பார்க்க" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் பதறிப்போய், வயிற்றுவலி என்று மாற்றி எழுதம்மா, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார். "வயிறு நல்லா இருக்கு சார். நாளைக்கு நிஜமாவே வயித்துவலி வந்தா அப்ப என்ன எழுதுறது?" என்று கேட்டாராம் அக்கா. போஸ்ட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அந்தத் தாளைக் கோப்பில் வைக்காமல் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் வருவார்கள். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும், உபதேசியார் அதையெல்லாம் சேர்த்து ஜெபிப்பார். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், மூட்டுவலி, இப்படித்தான் வரும். எல்லாம் சுவர் வழியாக எங்களுக்கும் கேட்கும். அக்காவின் முறை வந்ததும் மனசு சரியில்லை, புது மாத்திரை எழுதியிருக்கிறார்கள், அது ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெபியுங்கள் என்பார். பிறகு உபதேசியார், "எங்கள் சகோதரியின் சரீர சுகவீனத்தை..." என்று தொடங்குவார். "சரீரம் இல்லீங்க ஐயா, மனசு" என்று கண்ணை மூடியபடியே திருத்துவார் அக்கா. வாராவாரம் இது நடக்கும். என் மனைவி இந்தப் பக்கம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை உபதேசியார், மூன்று வெள்ளி உபவாசம் இருந்து ஜெபித்தாகிவிட்டது, இனி மாத்திரையை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குணமாகிவிட்டதாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். உபதேசியாருக்குச் சர்க்கரை உண்டு, தினம் காலையில் ஊசி. அக்கா நிதானமாக, "ஐயா ஊசியை எந்த ஞாயித்துக்கிழமை நிறுத்துறீங்களோ, அதே ஞாயித்துக்கிழமை நானும் மாத்திரையை நிறுத்துறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே சாட்சி சொல்லிரலாம்" என்றார். அதற்கப்புறம் உபதேசியார் சரீரம் என்ற சொல்லை அந்த வீட்டில் பயன்படுத்தவில்லை.

தன்னைக் கவனித்துக்கொள்வதில் அக்காவுக்குக் கூச்சமே கிடையாது. சாயங்காலம் சிட்லபாக்கம் ஏரிவரை நடந்துவிட்டு வருவார். மழை பெய்தால் குடையோடு போவார். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களை வாசற்கதவருகிலேயே நிறுத்தி, "இன்னைக்கு என்னால ஆளுங்களோட உக்கார முடியல, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அவர்கள் திகைத்துப்போய் வெளியிலேயே நின்று சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுக் கலைந்தார்கள். விருந்தாளியை வாசலோடு அனுப்புகிற பெண்பிள்ளையை எங்கள் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பேச்சு ஒரு மாதம் ஓடியது.

நான் மின்சார ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார்மேன் என்பார்கள். தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் போய்ப்போய் வருவதுதான் வேலை. பெருமையான வேலை, அதை ஒளிக்கவில்லை. என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் "ரயில் ஓட்றவர் பொண்ணு" என்றுதான் சொல்வார்கள்.

ஒரு சாயங்காலம் குரோம்பேட்டை தாண்டி ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தார். ஹாரன் அடித்தேன். பிரேக் போட்டேன். போட்ட இடத்தில் நிற்க அது ஜட்கா வண்டி இல்லையே. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான் சொல்வேன்.

விசாரணையில் என்மேல் தப்பில்லை என்றார்கள். தப்பில்லைதான். மூத்தவர்கள் முதுகில் தட்டினார்கள், இந்த லைனில் எல்லோருக்கும் ஒன்றாவது உண்டு என்றார்கள். வண்டி நிறுத்தும் ஷெட்டில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். என் மனைவி பூசணிக்காய் சுற்றிப் போட்டாள். நான் டூட்டிக்குப் போனேன்.

பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மற்ற எந்த உணர்வும் வரவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று என் பெண் தட்டைத் தள்ளியபோதுதான் எனக்கு அது தெரியவில்லை என்று தெரிந்தது. அவள் ஊஞ்சலிலிருந்து விழுந்து மோவாயில் ரத்தம் கொட்டியபோது தூக்கிவந்து கழுவினேன், மருந்து வைத்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன். அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டே, இது யாருடைய குழந்தை என்பதுபோல் நின்றிருக்கிறேன். "நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையான்னே தெரியல" என்று என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் இப்படி.

பிறகு ஒருநாள் பல்லாவரத்துக்கு முன்னால் ஒரு பெண் தலையில் மூட்டையோடு தண்டவாளத்தில் இறங்கினாள். கை தானாக ஹாரனுக்குப் போயிற்று, பிரேக்குக்குப் போயிற்று. அவள் தாண்டிவிட்டாள். வண்டி நின்றது. நான் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். அது சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் தாண்டாமல் போயிருந்தாலும் அப்படியேதான் அடித்திருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பும் என்னை ஒன்றும் செய்யவில்லை. மறுபடி வண்டியை எடுத்தேன்.

அன்று வீடு திரும்பும்போது அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"தம்பி, சாப்பாடு ருசிக்குதா?" என்றார்.

தெரியவில்லை என்றேன். அக்கா வாளியைக் கீழே வைத்தார். தனக்கு எப்படி ஆரம்பித்தது என்று அப்போதுதான் சொன்னார். தாம்பரத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுட உட்கார்ந்திருக்கிறார். அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட வேண்டும், அது கைக்குத் தெரியும். எதற்காக விட வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. அச்சைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எண்ணெய் கருகிப் புகைந்து பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். யாரும் சாகவில்லையே, என்ன குறை உனக்கு என்று எல்லோரும் கேட்டார்களாம். "காரணம் இருந்தாத்தான் வரணுமா தம்பி? உங்களுக்குக் காரணம் இருக்கு. எனக்கு அதுகூட இல்ல. ரெண்டுக்கும் டாக்டர் ஒரே டாக்டர்தான்" என்றார்.

முடியாது என்றேன். வண்டி ஓட்டுகிறவனுக்கு ரயில்வே டாக்டர் தரும் தகுதிச் சான்றுதான் எல்லாம். கண்ணில் ஒரு சின்னக் குறை வந்தாலே இறக்கிவிடுவார்கள், மனசு என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஆள் ஒருவருக்கு வலிப்பு வந்து, இப்போது ஷெட்டில் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும் பக்கம் நாங்கள் பார்ப்பதில்லை. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. புதன்கிழமை தான் போவதாகவும், வந்தால் வரலாம் என்றும் சொல்லிவிட்டு வாளியை எடுத்தார்.

போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் அழைத்தார், மறுப்பதற்கு வேண்டிய தெம்பு இல்லை. அவ்வளவாகத்தான் இருக்கும்.

அந்த லைனில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. பஸ்ஸில் போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, ரயில்காரனுக்குத் தோன்றாது. பிளாட்பாரத்தில் காலை வைத்ததுமே ஒரு போர்ட்டர் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார், யூனிஃபார்ம் இல்லாம கீற? டூட்டி இல்லியா? அக்காவோட எங்க கெளம்பிட்ட?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு போர்ட்டரைப் பார்த்து, "எனக்குத்தான்பா தலை சுத்தல். தனியா போக முடியல. தம்பி துணைக்கு வர்றாரு" என்றார்.

போர்ட்டர் போய்விட்டான். வண்டியில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். சைதாப்பேட்டை வரை கைப்பையின் வாரை விரலில் சுற்றிச்சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலைசுற்றல் என்று அவர் வாயால் சொன்னதை ஜெபக்கூட்டத்துக்காரர்கள் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். கடைசியில், "எனக்கு இது பழக்கமில்ல தம்பி. என்னமோ வந்திருச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் வெளிப்படையா சொல்றது ஒண்ணும் பெரிய தைரியம் இல்ல. எனக்கு வரவேண்டிய பிரமோஷன் ரெண்டு தடவை வேற ஆளுக்குப் போச்சு. மூணாவது தடவை கேக்கறதையே விட்டுட்டேன். என் கையில யாரும் ரயிலைக் கொடுக்கல. அதனால உங்களையும் வெளியில சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

சேத்துப்பட்டில் இறங்கி ரிக்‌ஷா பிடித்தோம். டாக்டர் என்னைவிடச் சின்ன வயசு. நிறையக் கேட்டார், அவசரப்படுத்தவில்லை. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். டாக்டர் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அடுத்த வாரமும் வந்து சொல்ல வேண்டும் என்றார். மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிடுகிறவரை வண்டி ஓட்டக் கூடாது, மேலதிகாரியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "ரெண்டுல ஒண்ணு மிஸ்டர், மாத்திரையா ரயிலா" என்றார்.

மாத்திரையைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். ரயில் ஓட்டினேன். ஓய்வு நாளைப் புதன்கிழமைக்கு மாற்றி வாங்கிக்கொண்டு அக்காவோடு போவேன், டாக்டரோடு பேசுவேன், மறுநாள் கேபினில் ஏறுவேன். மாத்திரையைப் பிரிக்கவே இல்லை என்று டாக்டரிடம் சொல்லவில்லை. அக்கா எதுவும் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் யாராவது கேட்டால் மட்டும் தலைசுற்றல் என்பார். ஒவ்வொரு முறையும் அந்தக் கைப்பை வார் அவர் விரலில் ஏறும்.

அக்காவுக்குத் தலைசுற்றல் என்பது தெருவுக்குள் வந்து சேர்வதற்குள் வேறாகிவிட்டது. அந்தம்மாவுக்கு முற்றிவிட்டது, தனியாக விட முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் பிடித்துக்கொண்டு போகிறார் என்றார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை அந்த வாசல் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். என்னை நல்லவன் என்றார்கள். என் மனைவிக்கு உண்மை தெரியும். குழாயடியில் இதைக் கேட்டுவிட்டு வந்து, குடத்தை இறக்கி வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்களுக்கு மேலே இருந்த இன்ஸ்பெக்டர் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார். புதன்கிழமையாகப் பார்த்து ஓய்வு கேட்கிறாயாமே, ஆஸ்பத்திரி வாசலில் யாரோ பார்த்தார்களாமே என்று ஆரம்பித்தார். நான் பதில் யோசிப்பதற்குள் அவரே வழியும் சொல்லிக்கொடுத்தார்.

"எனக்குத் தெரியும்யா. அந்த போஸ்டாபீஸ் அம்மாவுக்குத் துணைக்குப் போறே. உதவி பண்றது நல்லதுதான். ஆனா அது ஒரு மாதிரி கேஸ், ஊருக்கே தெரியும். பாத்துக்கிட்டே இருந்தா உனக்கும் ஒட்டிக்கும். இனிமே போறதில்லன்னு சொல்லு, நான் மறந்துடுறேன்."

ஆமாம் சார் என்றால் போதும். ஒரே வார்த்தை. மேஜைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு போல்ட்டை வைத்திருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தைரியம் என்று எதுவும் என்னிடம் இல்லை. கோபமும் வரவில்லை. அந்தம்மா ஒரு மாதிரி கேஸ் என்று அவர் சொன்னதில் விவரம் தவறாக இருக்கிறது என்பதுதான் தோன்றியது. சிக்னலை ஒருவர் தவறாகச் சொன்னால் திருத்துவோம் இல்லையா, அந்த மாதிரி.

"இல்ல சார். அவங்கதான் எனக்குத் துணையா வர்றாங்க. பேஷண்ட் நான்."

இன்ஸ்பெக்டர், இது தன் காதில் விழாமலே இருந்திருக்கலாம் என்றார். கேட்டுவிட்டதால் இனி உன்னை வண்டியில் ஏற்ற முடியாது என்றார். ரயில்வே டாக்டரிடம் அனுப்புவதாகவும், அதுவரை ஷெட்டில் ஏதாவது வேலை பார் என்றும் சொன்னார். கேபின் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

பிறகு ஷெட்டிலேயே பல வருஷம் இருந்தேன். மறுபடி கேபினில் ஏறவில்லை. அதை இங்கே சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைய தினத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது.

ஷெட்டை விட்டு வெளியே வந்து நடந்தேன். தபால் ஆபீஸுக்குள் போனபின்தான் அங்கே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அக்கா கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு பெரியவருக்கு இன்லாண்டு லெட்டர்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நின்றது. நான் வரிசையில் சேராமல் பக்கவாட்டில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லிட்டேன் அக்கா. சாவியை வாங்கிட்டாங்க" என்றேன்.

அக்கா எண்ணுவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். என் பிடியில் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். இனி என் பெண்ணை என்னவென்று சொல்வார்கள் என்று நினைத்தேன். பயம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சைக்கிள்காரருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு அதன் பின்னாலேயே வந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அத்தனை பேருக்கு முன்னால், சத்தமாக, நிறுத்த முடியாமல்.

வரிசை என்னைப் பார்த்தது. போஸ்ட்மாஸ்டர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். யாரோ, என்னங்க, வீட்ல ஏதாவது துக்கமா என்று கேட்டார்கள். அக்கா கம்பிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"சொல்லட்டுமா தம்பி?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படிக் கேட்டார். அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தலையாட்டினேன். அக்கா நிமிர்ந்தார்.

"சாருக்கு மனசு சரியில்லைங்க. வைத்தியம் பாத்துக்கிட்டிருக்காரு. அந்த ஸ்டூலை இப்படிப் போடுங்க" என்றார்.

இன்லாண்டு லெட்டர் வாங்கிய பெரியவர் போய் ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். உட்கார்ந்தேன்.